பெண் எடிட்டருக்கு விருது விண்ணப்பம்: எங்கே அனுப்புவது, எதை அனுப்புவது?

நெகட்டிவ்_டப்பா:

ஒரு பெண் எடிட்டருக்காக விருது விண்ணப்பங்கள் தயார் செய்ய வேண்டியிருக்கிறது. கையில் இருப்பது இரண்டு முழுநீளப் படங்களும் எட்டு எபிசோட் தொடர் ஒன்றும். முதல் படம் வந்து நான்கு வருடம் ஆகிறது. எடிட்டிங் அவர் பெயரில் மட்டும். இரண்டாவது படம் போன வருடம் வந்தது. டைட்டில் கார்டில் அவரோடு இன்னொருவர் பெயரும் அதே அளவு எழுத்தில் இருக்கிறது. இரண்டு படத்துக்கும் இயக்குநர் ஆண். தொடரை இயக்கியவர் பெண். எட்டு எபிசோடில் ஐந்தை இவர் எடிட் செய்திருக்கிறார்.

சினிமாவிலும் டிவியிலும் பெண்களின் சாதனைக்கென்றே உலகம் முழுக்க நிறைய விருதுகள் இருக்கின்றன. பட்டியலைத் திறந்தால் தலை சுற்றுகிறது. சிலவற்றில் விண்ணப்பிக்கும் பட்டனே கிடையாது. சிலவற்றில் பெண் இயக்கிய படமாக இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். சிலவற்றில் அறுபது எழுபது பிரிவுகள்.

கேள்விகள்: இவருக்குப் பொருந்துவது எந்த வகை? இரண்டு பேர் பெயர் இருக்கும் படத்தைத் தனி ஒருவர் சாதனையாக அனுப்ப முடியுமா? எடிட்டிங் என்பது கண்ணில் படாமல் இருந்தால்தான் நல்ல எடிட்டிங் என்பார்கள். அதை ஜூரிக்கு எப்படிக் காட்டுவது?

---

ரஷ்_பிரிண்ட்:

பட்டன் இல்லாதவற்றை முதலில் ஒதுக்கிவிடலாம். அவை அமைப்பே ஆளைத் தேர்ந்தெடுத்து அழைத்துக் கொடுக்கும் கௌரவங்கள். 1973ல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய 'விமன் இன் ஃபிலிம்' அமைப்பின் கிரிஸ்டல் விருது (1977), பிறகு டிவிக்கென்று சேர்த்த லூசி விருது (1994) இரண்டும் இந்த ரகம்தான். லூசி என்றால் லூசில் பால். சிரிப்பு நடிகை என்று மட்டும் நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: விவாகரத்துக்குப் பிறகு, முன்னாள் கணவரிடம் இருந்த டெசிலு ஸ்டூடியோ பங்கை 1962ல் விலைக்கு வாங்கி நிர்வாகத்தைத் தன் கையில் எடுத்தவர் அவர். 'ஸ்டார் ட்ரெக்' தொடர் அந்த ஸ்டூடியோவில் தொடங்கியது. டிவி சாதனை விருதுக்கு அவர் பெயரை வைத்ததற்கு நடிப்பு மட்டும் காரணமில்லை.

இப்படிப்பட்ட கௌரவங்கள் பல வருட உழைப்பைப் பார்த்துத் தருபவை. இரண்டு படம், ஒரு தொடர் இருக்கும் எடிட்டருக்கு இந்தக் கதவைத் தட்டுவது நேர விரயம்.

அடுத்தது திறந்த போட்டி. டிவி தொடர் இருப்பதால் கிரேஸி விருதுகளைப் பாருங்கள். 1975ல் ஆரம்பித்தது, கிரேஸி ஆலன் பெயரில். அமெரிக்க ஊடகத் துறைப் பெண்கள் அமைப்பு நடத்துகிறது. டிவி, வானொலி, டிஜிட்டல் எல்லாம் சேரும். பெண்கள் உருவாக்கிய, பெண்களுக்கான, பெண்களைப் பற்றிய படைப்புகளைத்தான் எடுப்பார்கள். பிரிவு பார்த்துப் பதிந்து, கட்டணம் கட்டி, காணொளி ஏற்ற வேண்டும். பிரிவுகளும் வெளிநாட்டுத் தயாரிப்புக்கான விதியும் வருடத்துக்கு வருடம் மாறக்கூடியவை; அந்தந்த வருட விதிப் புத்தகத்தை மட்டும் நம்புங்கள், பழைய பதிவுகளை அல்ல.

மூன்றாவது பெண்கள் திரைப்பட விழாக்கள். பெரும்பாலானவர்கள் வழுக்கி விழும் இடம் இது. பிரான்ஸில் 1979ல் ஸோ ஊரில் தொடங்கி 1985ல் க்ரெத்தேய்க்கு மாறிய விழா பெண் இயக்குநர்களுக்கானது. உங்கள் இரண்டு படமும் அங்கே போகாது. எடிட்டர் பெண் என்பது கணக்கில் வராது. நியூயார்க்கில் 2011ல் தொடங்கிய அதீனா விழா வேறு கணக்கு. திரையில் பெண்களின் தலைமையைச் சொல்லும் கதையா என்று பார்க்கிறார்கள். இயக்கியவர் யாராகவும் இருக்கலாம்.

ஆகவே எந்த விதிப் புத்தகத்தைத் திறந்தாலும் மூன்று கேள்வியைத் தனித்தனியாகக் கேளுங்கள். படத்தை எடுத்தது பெண்ணா? படம் பெண்ணைப் பற்றியதா? இந்தக் குறிப்பிட்ட வேலையைச் செய்தது பெண்ணா? உங்களுக்குத் தேவை மூன்றாவது கேள்விக்கு விருது வைத்திருப்பவை. அவை எண்ணிக்கையில் குறைவு. பல நாடுகளில் இருக்கும் திரைத்துறைப் பெண்கள் சங்கங்கள் தரும் தொழில்நுட்ப விருதுகள்தான் பெரும்பாலும். அவற்றில் சில, உறுப்பினர் முன்மொழிந்தால்தான் பெயரை ஏற்கும். சங்கத்தில் சேர்ந்து எத்தனை மாதம் ஆகியிருக்க வேண்டும் என்ற விதியும் இருக்கலாம். கடைசித் தேதிக்கு முந்தின வாரம் அதைக் கண்டுபிடித்து ஒன்றும் செய்ய முடியாது.

விமர்சகர் அமைப்புகள் தருவது நான்காவது வகை. 2004ல் தொடங்கிய பெண் திரை விமர்சகர் வட்டம், 2006ல் தொடங்கிய பெண் திரைப்படப் பத்திரிகையாளர் கூட்டணி போன்றவை. உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். ஓட்டெடுப்புக்கு முன்னால் அவர்கள் கையில் படத்தின் லிங்க் போய்ச் சேர்ந்ததா என்பதுதான் நீங்கள் பார்க்க வேண்டிய ஒரே வேலை. டிசம்பரில் ஓட்டென்றால் லிங்க் நவம்பர் தொடக்கத்திலேயே போக வேண்டும். கடைசி வாரத்தில் வரும் லிங்கை யாரும் திறப்பதில்லை.

---

மூன்றாவது_பிரேம்:

கிரெடிட் விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்றேன்.

இரண்டு பேர் பெயர் இருக்கும் படத்தைத் தாராளமா அனுப்பலாம், ஆனா "இவர் எடிட் செய்த படம்" என்று எழுதி அனுப்பக் கூடாது. 1978 ஆஸ்கரில் 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்கு எடிட்டிங் விருது வாங்கியவங்க மூணு பேர்: பால் ஹிர்ஷ், மார்சியா லூகாஸ், ரிச்சர்ட் ச்யூ. பங்கு போட்ட கிரெடிட் தொழில் விருதுகளில் குறை இல்லை. ஆனா அங்கே படத்தின் எடிட்டிங்குக்குத்தான் விருது, அதனால் மூணு பேரும் மேடை ஏறலாம். பெண்கள் சாதனை விருதில் விருது ஆளுக்கு. கூட இருந்தவர் ஆணா இருந்தா ஜூரியின் முதல் கேள்வியே "இதில் இவர் எது?" என்பதுதான். அதை நீங்க சொல்லலைன்னா அவங்க ஊகிப்பாங்க. ஊகம் எப்பவும் நமக்கு எதிராத்தான் போகும்.

செய்ய வேண்டியது இது. யார் எந்தக் காட்சி என்று ஒரு பக்கத்தில் எழுதுங்க. ரீல் எண், டைம்கோட் (படத்தில் அது வரும் நேரம்), காட்சி எண், முதல் கட் யாருடையது, லாக் ஆன (இனி மாறாதுன்னு முடிவான) கட் யாருடையது. அஞ்சு வரிக் கடிதத்தோட அதில் இயக்குநர் ஒரு கையெழுத்து, சக எடிட்டர் ஒரு கையெழுத்து. சக எடிட்டர் கையெழுத்தைத் தவிர்க்கத்தான் எல்லாருக்கும் தோணும். தவிர்த்தால், அறிவிப்பு வந்த பிறகு அவர் ஒரு மின்னஞ்சல் போட்டாலே போதும், தேர்வை நிறுத்தி வெச்சு விசாரிப்பாங்க.

கார்டில் என்ன வார்த்தை என்பதையும் பாருங்க. 'எடிட்டர்', 'கூடுதல் எடிட்டிங்', 'அசோசியேட் எடிட்டர்', 'சூப்பர்வைசிங் எடிட்டர்' நாலும் நாலு விதம். பெரும்பாலான போட்டிகள் முதல் வார்த்தையைத்தான் ஏத்துக்கும். 'கூடுதல் எடிட்டிங்' என்று கார்டில் இருக்கிறவரை விண்ணப்பத்தில் 'எடிட்டர்' ஆக்கினா தகுதி நீக்கம்தான். எழுத்துப் பிரிவில் இதைவிட நுணுக்கம்: அமெரிக்க எழுத்தாளர் சங்க முறையில் இரண்டு பெயருக்கு நடுவில் & குறி இருந்தா இருவரும் ஒரே அணியா உட்கார்ந்து எழுதினது; 'அண்ட்' என்று எழுத்தில் இருந்தா தனித்தனியா எழுதினது. போஸ்டர் டிசைனர் இடம் பத்தலைன்னு 'அண்ட்'டை & ஆக்கிவிட்டாலே அர்த்தம் மாறிடும். விண்ணப்பத்தில் போஸ்டரைப் பார்த்து எழுதாதீங்க, படத்தின் கடைசி டைட்டில் ரோலை நிறுத்தி நிறுத்திப் பார்த்து எழுதுங்க.

பெயர் எழுத்துக்கூட்டலும் அப்படித்தான். முதல் படத்தில் இன்ஷியல் முன்னாடி, இரண்டாவதில் பின்னாடி, தொடரில் கல்யாணத்துக்குப் பிந்தைய பெயர் என்றால் ஐஎம்டிபி என்ற திரைப்படத் தகவல் தளத்தில் மூணு ஆளா இருப்பாங்க. மூணையும் ஒரே பக்கமா இணைக்கத் திருத்தம் போடுங்க. உடனே நடக்கும் என்று எண்ண வேண்டாம். ஒரு மாதம் முன்னாடியே போடுங்க. கோப்பையில் பொறிக்க வேண்டிய பெயர் எதுன்னு அவங்ககிட்டயே கேட்டு எழுதி வாங்குங்க.

தொடர் பற்றி. அமெரிக்க டிவி விருதான எம்மி போன்ற இடங்களில் எடிட்டிங் பிரிவுக்கு ஒரே ஒரு எபிசோடைத்தான் பதிய வைக்கணும், தகுதிக் காலம் ஜூன் 1 முதல் மே 31 வரை. பெண்கள் விருதுகளிலும் டிவி பிரிவில் ஒரு எபிசோட் கேட்கிற வழக்கம் பரவலா இருக்கு. அவர் தனியா எடிட் செய்த அஞ்சில் ஒன்றை எடுங்க. கிளைமாக்ஸ் எபிசோடை எடுக்காதீங்க. அது புரியணும்னா முந்தின ஏழும் பார்த்திருக்கணும். நடுவில் ஒரு எபிசோட், முன்கதை தெரியாமலே நிற்கக்கூடியது, அதுதான் சரி.

---

நெகட்டிவ்_டப்பா:

நன்றி. கையெழுத்துப் பக்கம் கேட்டாயிற்று. சக எடிட்டர் சம்மதித்துவிட்டார். முதல் படத்தை என்ன செய்வது? நான்கு வருடப் பழசு. இன்னொன்று, ஒரு விருதுக்கு ஐந்து நிமிட ரீலும் 300 சொல்லுக்குள் ஒரு குறிப்பும் கேட்கிறார்கள். இப்போது இருக்கும் ரீல் பின்னணி இசையோடு வேகமாக ஓடும் ஒன்று, 90 கட் இருக்கும்.

---

கட்_பாயிண்ட்:

அந்த ரீலைத் தூக்கிப் போடுங்கள். அது டிரெய்லர் வெட்டத் தெரியும் என்று காட்டுகிறது, படம் எடிட் செய்யத் தெரியும் என்று காட்டவில்லை. வேலை தேடப் போகும்போது பயன்படும். ஜூரிக்கு வேண்டியது காட்சி, முழுசாக, நடுவில் வெட்டாமல். ஐந்து நிமிடத்தில் இரண்டு காட்சி போதும். ஒவ்வொன்றும் இரண்டு, இரண்டரை நிமிடம்.

எந்தக் காட்சி என்பதுதான் பாதி விண்ணப்பம். சண்டை, துரத்தல், பாட்டு மூன்றையும் தவிருங்கள். அவற்றில் கைதட்டு இயக்குநருக்கும் இசைக்கும் போய்விடும். ஒரு மேஜை, நான்கு பேர், ஒரு சங்கடமான பேச்சு, அப்படி ஒன்று இருந்தால் அதை எடுங்கள். யார் பேசுகிறார் என்பதைக் காட்டுவது எளிது. யார் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதில் எப்போது வெட்டிப் போகிறோம் என்பதில்தான் எடிட்டர் தெரிவார். அப்பா ஒரு வாக்கியத்தை ஆரம்பிக்கிறார். மூன்றாவது சொல்லிலேயே மகள் முகத்துக்குப் போகிறோம். மிச்ச வாக்கியம் அவள் முகத்தின் மேல் ஓடுகிறது. அவர் முடித்த பிறகும் 20 பிரேம், அதாவது ஒரு வினாடிக்குச் சற்றுக் குறைவாக, அவளிடமே நிற்கிறோம். தம்ளரை வைக்கும் சத்தம் முதலில், அப்புறம் தம்ளர். இந்த நான்கு முடிவும் திரைக்கதையில் எழுதியிருக்காது.

குறிப்பிலும் இதையேதான் எழுத வேண்டும். பொதுவாக வருவது இப்படி: "கதையின் ஆன்மாவை உணர்ந்து, உணர்வுபூர்வமான தாளத்தில் படத்தைத் தொகுத்திருக்கிறார்." இதை எந்தப் படத்துக்கும் ஒட்டலாம், அதனால் எந்தப் படத்துக்கும் ஒட்டாது. இப்படி எழுதிப் பாருங்கள்: "முதல் அசெம்பிளி 3 மணி 10 நிமிடம், லாக் ஆனது 2 மணி 4 நிமிடம். திரைக்கதையில் 41வதாக இருந்த மருத்துவமனைக் காட்சியை 6வதாக நகர்த்தியது இவர் யோசனை. அதனால் நடுவில் இரண்டு விளக்கக் காட்சிகள் தேவையில்லாமல் போயின. இடைவெளியை மூட, ஏற்கெனவே எடுத்த காட்சியில் கிளாப் பலகை அடிப்பதற்கு முன் பதிவான பார்வை ஒன்றைப் பயன்படுத்தினார்." எண்கள் உங்களுடையதாக இருக்கட்டும். இப்படி மூன்று முடிவுகள் சொன்னால் 300 சொல் தாராளம். அதில் ஒன்று தோல்வியடைந்து மாற்றிய முடிவாக இருப்பது நல்லது; எடிட்டர்கள் அதைத்தான் நம்புவார்கள்.

அவர் பெண் என்பதை எத்தனை வரி எழுதுவது என்று ஒரு குழப்பம் எல்லாருக்கும் வரும். விருதின் பெயரிலேயே அது இருக்கிறது. திரும்பச் சொல்லி இடத்தை வீணாக்காதீர்கள். அவருக்குக் கீழே உதவியாளராக எத்தனை பெண்கள் பயிற்சி பெற்றார்கள் என்பது மாதிரி சரிபார்க்கக்கூடிய தகவல் இருந்தால் ஒரு வரி.

கட்டுக்கு முன், கட்டுக்குப் பின் என்று ரஷ்ஷையும் (வெட்டாத மூலப் பதிவு) சேர்த்துக் காட்ட ஆசை வரும். பார்க்க அருமையாக இருக்கும். ஆனால் வெளிவராத ஃபுட்டேஜ் தயாரிப்பாளருக்குச் சொந்தம், நடிகர் ஒப்பந்தத்திலும் தடை இருக்கலாம். எழுத்தில் அனுமதி இல்லாமல் ஒரு ஷாட்கூடப் போடாதீர்கள். அனுமதி கிடைக்காவிட்டால் டைம்லைனின் ஸ்கிரீன்ஷாட் ஒன்றே போதும். கிளிப் பெயர்களை மறைத்துவிட்டு, அடுக்குகள் தெரிகிற மாதிரி.

இப்போது சப்டைட்டில். மொழி தெரியாத ஜூரி பார்க்கும் எடிட்டிங் ரீலில் கட்டைக் கெடுப்பது பெரும்பாலும் இதுதான். ஷாட் மாறிய பிறகும் பழைய வரி ஐந்தாறு பிரேம் தொங்கிக்கொண்டிருந்தால் கண் மறுபடி அந்த வரியை வாசிக்கப் போகும். உங்கள் கட் காணாமல் போகும். வரியைக் கட்டுக்கு இரண்டு பிரேம் முன்னால் முடியுங்கள். அடுத்த ஷாட்டுக்குள் போகத்தான் வேண்டும் என்றால் அரை வினாடிக்காவது போகட்டும், ஓரத்தில் நின்று எட்டிப் பார்க்கக் கூடாது. வரிக்கு 42 எழுத்துக்குள், அதிகபட்சம் இரண்டு வரி. கேட்பவர் முகத்தில் நிற்கும் ஷாட்டுகளில் மொழிபெயர்ப்பைச் சுருக்குங்கள். முகத்தைப் பார்க்க நேரம் வேண்டும்.

ரீலில் சப்டைட்டிலைப் படத்திலேயே பதித்துவிடுங்கள். முழுப் படத்துக்குத் தனி எஸ்ஆர்டி கோப்பு (வரிகளும் அவை வரும் நேரமும் மட்டும் இருப்பது). அந்த எஸ்ஆர்டி எந்தப் பிரேம் ரேட்டுக்குச் செய்தது என்று பாருங்கள். 24 பிரேம் படத்தை 25ல் வேகமாக்கி ஓட்டினால் 100 நிமிடம் 96 ஆகிவிடும். ஒன்றுக்குச் செய்த சப்டைட்டிலை மற்றதில் போட்டால் முதல் பத்து நிமிடத்தில் சுமார் 24 வினாடி விலகும், கடைசியில் நான்கு நிமிடம். தொடக்கத்தை மட்டும் ஓட்டிப் பார்த்து "சரியாகத்தான் இருக்கிறது" என்று அனுப்புகிறவர்கள் மாட்டுவது இதில்தான். கடைசி ரீலைத் திறந்து பாருங்கள்.

மிச்சத் தொழில்நுட்பம் சாதாரணம். 1920×1080, எச்.264, 10 முதல் 20 எம்பிபிஎஸ், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ. தியேட்டருக்கான 5.1 (ஆறு தட ஒலி) மிக்ஸை அப்படியே ஸ்டீரியோவாக மடக்கினால் வசனம் அமுங்கும். ஜூரி பெரும்பாலும் லேப்டாப், ஹெட்போனில்தான் பார்ப்பார்கள், ஆகவே வசனத்தை ஒருமுறை அதிலேயே கேட்டுவிட்டு அனுப்புங்கள். டிசிபி (தியேட்டரில் ஓட்டும் டிஜிட்டல் பிரதி) எல்லாம் தேர்வான பிறகு கேட்பார்கள்.

முதல் படத்துக்கு: அந்தந்த வருட வெளியீட்டைப் பார்க்கும் பிரிவில் அதற்கு இடமில்லை. 'இதுவரையான பணி' கேட்கும் பிரிவில் ரீலின் இரண்டாவது காட்சியாக வைக்கலாம். 'வளரும் கலைஞர்' பிரிவு இருந்தால் எத்தனை கிரெடிட் வரை அனுமதி என்று பாருங்கள். முழுநீளப் படம் ஒன்றுக்கு மேல் இருந்தால் மூடிவிடும் இடங்கள் உண்டு.

---

கடைசி_ரீல்:

எல்லாம் சரி, ஒரு மாற்றுக் கருத்து. இவ்வளவு உழைப்பை ஆண், பெண் பிரிவே இல்லாத தொழில் விருதுக்குச் செலவழிக்கலாமே? எடிட்டிங்கில் எப்போதும் அப்படித்தான். எடிட்டிங்குக்கு ஆஸ்கர் கொடுக்க ஆரம்பித்த 1935லேயே மூன்று பரிந்துரைகளில் ஒன்று ஆன் பாக்கன்ஸ் என்ற பெண்ணுடையது. 1941ல் அவர் ஜெயித்தும் விட்டார். 1976ல் 'ஜாஸ்' படத்துக்கு வெர்னா ஃபீல்ட்ஸ். தெல்மா ஸ்கூன்மேக்கர் மூன்று முறை. ஒளிப்பதிவில் ஒரு பெண் பரிந்துரைப் பட்டியலில் ஏறவே 2018 வரை ஆனது, ரேச்சல் மாரிசன். அந்தப் பக்கம் தனி விருது வேண்டும் என்றால் புரிகிறது. எடிட்டருக்கு எதற்கு? நடிப்பிலேயே பெர்லின் விழா 2021ல் ஆண், பெண் பிரிவை எடுத்துவிட்டது.

இன்னொரு எச்சரிக்கை. 'பெண்' என்ற சொல்லைத் தூண்டிலாக வைத்துக் கட்டணம் வசூலிக்கும் போட்டிகள் ஏராளம். அடையாளம் சொல்கிறேன்: மாதாமாதம் முடிவு வரும். பிரிவுகள் 60க்கு மேல், அதில் 'சிறந்த பெண் எடிட்டர்', 'மிகச் சிறந்த பெண் எடிட்டர்', 'பெண் எடிட்டர் சிறப்புக் குறிப்பு' மூன்றும் தனித்தனி. ஜூரி பெயர் இருக்காது, இருந்தாலும் தேடினால் ஆள் கிடைக்காது. திரையிடும் இடம் எழுதியிருக்காது. ஜெயித்த செய்தி வந்த அடுத்த நிமிடமே கோப்பைக்கு விலைப்பட்டியல் வரும். விண்ணப்பத் தளத்தில் பட்டியலிடப்பட்டிருப்பது சான்றிதழ் ஆகாது, யார் வேண்டுமானாலும் போடலாம். போன வருடம் ஜெயித்த இரண்டு பேரைத் தேடி, திரையிடல் நடந்ததா என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அதுவே பதில். விழாக்கள் தரும் இலைச் சின்னம் பன்னிரண்டு ஒட்டிய போஸ்டரைப் பார்த்தால் விவரம் தெரிந்த ஜூரி முதலில் முகம் சுளிப்பார்.

---

ரஷ்_பிரிண்ட்:

தூண்டில் போட்டிகள் பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. மற்றது பாதி சரி.

பாக்கன்ஸ் ஜெயித்தது உண்மை. ஆனால் அந்தக் காலத்தில் கட்டிங் அறையில் பெண்கள் நிறைய இருந்ததற்குக் காரணம், அது ஒட்டிப் பிரிக்கும் தையல் வேலை மாதிரிப் பார்க்கப்பட்டது. மார்கரெட் பூத் மௌனப் பட நாளிலேயே கட்டிங் அறைக்கு வந்து, பின்னால் எம்ஜிஎம் ஸ்டூடியோவின் எடிட்டிங் பொறுப்பைப் பல பத்தாண்டுகள் வைத்திருந்தவர். எந்தப் படமும் அவர் பார்வைக்குத் தப்பிப் போகாது என்பார்கள். அப்படி மேற்பார்த்த படங்களில் எடிட்டராக அவர் பெயர் வராது. கௌரவ ஆஸ்கர் வந்தது 1978ல். ஒரு படத்துக்கு ஒரு விருது என்ற கணக்கில் அடங்காத வேலை இது. அதற்குத்தான் ஆளுக்குத் தரும் விருது.

நெகட்டிவ்_டப்பாவின் நிலையில் இரண்டையும் செய்யலாம், வரிசைதான் முக்கியம். தொழில் விருதுக்குத் தகுதிக் காலம் இறுக்கமானது. போன வருடப் படத்துக்கு இந்தச் சுற்று போனால் மறு வாய்ப்பு கிடையாது. ஆகவே இரண்டாவது படத்தை இருவர் பெயரிலும் அங்கே முதலில் பதியுங்கள். தொடர் எபிசோட் டிவி பிரிவுக்கு. மூன்றையும் சேர்த்த ரீல் சங்க விருதுக்கு, அது அடுத்த வருடமும் இருக்கும்.

கையெழுத்துப் பக்கத்தை ஒருமுறை செய்துவிட்டால் மூன்றுக்கும் அதே தாள்.

---

நெகட்டிவ்_டப்பா:

தெளிவாகிவிட்டது. கடைசியாக ஒன்று: படத்தின் லிங்க்கை எத்தனை நாளுக்குத் திறந்து வைப்பது? தயாரிப்பாளர் 14 நாள் என்கிறார்.

---

மூன்றாவது_பிரேம்:

14 பத்தாது. முதல் சுற்று, இறுதிச் சுற்று இரண்டுக்கும் வேற வேற ஆட்கள் பார்ப்பாங்க; இரண்டாவது குழு திறக்கும்போது லிங்க் செத்திருந்தா யாரும் போன் பண்ணிக் கேட்க மாட்டாங்க, அடுத்ததுக்குப் போயிடுவாங்க. முடிவு அறிவிக்கும் தேதி வரை, அதுக்கு மேல ஒரு வாரம்.

தயாரிப்பாளருக்குப் பயம் கசிவு பற்றித்தான். ஒவ்வொரு விருதுக்கும் தனிக் கோப்பு ஏத்தி, அந்த விருதின் பெயரை வாட்டர்மார்க்கா போட்டு, டவுன்லோடை அடைச்சு, தனிப் பாஸ்வேர்டு வைங்க. கசிந்தா எங்கிருந்துன்னு தெரியும். வாட்டர்மார்க் நடுவில் வேண்டாம், மூலையில் மங்கலா. சப்டைட்டில் மேல ஏறாத மூலை. ஏத்தின ஃபைலை மாற்ற வேண்டி வந்தா, அதே லிங்கில் புது ஃபைலைப் போட விடும் தளத்தைப் பயன்படுத்துங்க. விமியோவில் முடியும், யூடியூபில் முடியாது. பாஸ்வேர்டில் பெரிய எழுத்து ஓவும் பூஜ்ஜியமும் சேர்ந்து வராம பார்த்துக்குங்க.